சொல்லிக் கொடுத்த பதில்கள்

முதலிபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

யாழினி கண்ணுக்கு அப்பன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். அப்படி எழுதினால் நீ நம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம் என்பதை மட்டும் நான் நம்பிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அம்மாவுக்குக் கேட்கும். அவள் கட்டிலை முன்னறையில் போட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. பாம்புச் செவி அவளுக்கு. வாசலில் போய்ப் பேசலாம் என்றால் பக்கத்து வீட்டு மருதாள் காம்பவுண்டுச் சுவரோரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஆகவே காகிதத்தில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்துவிட்டு அழித்துவிடு. உன் அண்ணனுக்கு மட்டும் அனுப்பி வைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் சதீஷ்குமார் ஏதோ ஒரு ஏற்பாட்டில் இறங்கியிருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

தை மாதம் உன் அம்மா பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள் அல்லவா? சித்திரையிலேயே எலும்பு கூடிவிட்டது, இனித் தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவளோ நடப்பதில்லை. எழுந்து நிற்பாள், ஓரடி வைப்பாள், வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவாள். அதற்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. இந்த வயதில் உடைந்த எலும்பு பழையபடி ஆகுமா? நான் தலைமாட்டை விட்டு நகர்வதே இல்லை. சமையல் நான்தான். ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட அவளை எடுக்க விடமாட்டேன். வாசற்படியை ஆள் வைத்து இடித்து மட்டமாக்கிவிட்டேன். குளியலறை முழுக்க ரப்பர் விரிப்பு. அவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்துவிடுவேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மருதாளே அவள் வாயால் சொன்னாள்.

இதில் உன் அண்ணனுக்கு என்ன வந்தது? பெருமாநல்லூரில் லிஃப்ட் வைத்த அப்பார்ட்மெண்டில் இருக்கிறான். அங்கேயே வந்துவிடுங்கள் என்று மாதக்கணக்காக நச்சரிக்கிறான். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் யார் முகத்தைப் பார்ப்பது? இந்த வீடு காலியானால் அவன் கம்பெனியில் தைக்கிற பீகார்ப் பையன்களைத் தங்க வைக்கலாம் என்று உன் அண்ணி யாரிடமோ பேசியதாக என் காதில் விழுந்தது. மருமகளைக் குற்றம் சொல்லவில்லை. விழுந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் புதன்கிழமை காலையில் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பெயர் அன்புசெல்வியாம். ஃபிசியோதெரபி படித்தவளாம். நான் வரச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். சதீஷ் சார் போன் செய்தார் என்றாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கேள், இதுதான் முக்கியம். காலைப் பார்க்க வந்தவள் காலைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். நடமாடினால் மறுபடி அடிபட்டுவிடும் என்று நினைக்கிறீர்களா? வலி வந்தால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தமா? வலி இருக்கும்போது உடம்பை அசைக்காமல் வைத்திருப்பதுதான் பத்திரமா? இப்படியே பக்கம் முழுக்க. எதற்கம்மா இதெல்லாம் என்றேன். எலும்பு கூடிய பிறகும் சில பெரியவர்கள் எழுந்திருப்பதில்லை, வலியைவிட, அசைந்தால் என்ன ஆகுமோ என்கிற பயம்தான் அவர்களைப் படுக்கையில் வைத்திருக்கிறது, அந்தப் பயம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்தப் பயிற்சியில் ஆரம்பிப்பது என்று தெரியும் என்றாள். பயத்தை அளக்கிறாளாம். இஞ்ச் டேப் வைத்தா?

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான், அவளுக்கு அசதியாக இருக்கிறது, இன்னொரு நாள் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி, நிதானமாக யோசித்து வையுங்கள் என்று அந்தக் காகிதத்தில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பயம் அதிகம் என்று அதில் விழுந்தால், அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் உன் அண்ணன் நாலு பேரிடம் காட்டுவான். பாருங்கள், அம்மாவால் அங்கே இருக்க முடியாது, அப்பா சரியாகப் பார்க்கவில்லை என்பான். பிறகு நான் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? அதற்கு நான் விடப்போவதில்லை. நீ கவலைப்படாதே. சளி இருந்தால் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றாதே.

உன் நல்லதையே நினைக்கிற
அப்பன் ஆத்தப்பன்.


முதலிபாளையம்
சனிக்கிழமை

கண்ணு யாழினிக்கு,

‘அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைப்பா’ என்று ஒரே வரி பதில் போட்டிருக்கிறாய். நீ அவனைப் பார்த்தே எத்தனை வருடம் ஆகிறது? போகட்டும். காரியம் ஜெயமாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் பிரிவு மேனேஜராக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினால் அதற்கு முந்தின வாரமே தைக்கிற பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவேன். ஓவர்டைம் பார்க்கிறாயா என்று கேட்டால், என் இஷ்டப்பட்டுத்தான் பார்க்கிறேன் என்று சொல்லு. தீப்பிடித்தால் எந்த வழி என்றால் யோசிக்காமல் கையை நீட்டு. கேள்வி புரியவில்லை என்றால் சிரி. என் பிரிவு ஒரு ஆடிட்டிலும் தவறியதில்லை. தாராபுரத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை என்னமாய்ப் பதில் சொல்லும் தெரியுமா? முதலாளியே என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்திருக்கிறார்.

அதே வேலையைத்தான் வியாழக்கிழமை செய்தேன். காகிதத்தை வைத்துக்கொண்டு உன் அம்மாவை உட்கார வைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில் இருக்கிறது. இல்லவே இல்லை, இல்லை, ஆமாம், கண்டிப்பாக ஆமாம். பயம் பற்றி எது கேட்டாலும் இல்லவே இல்லை என்று சொல்லு என்றேன். ஆனால் நடுநடுவே குறுக்குக் கேள்வி வைத்திருக்கிறார்கள். வலி இருந்தாலும் நடமாடுவதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று நினைக்கிறீர்களா, இந்த மாதிரி. அதற்கும் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் குட்டு உடைந்துவிடும். அங்கே கண்டிப்பாக ஆமாம் என்று சொல்ல வேண்டும். எங்களிடம் வந்த ஆடிட்டர்களும் இதே வேலையைத்தான் செய்வார்கள், எனக்குப் புதிதா என்ன?

உன் அம்மா கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, அந்தப் பிள்ளை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டால் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டாள். நிஜத்தை யார் கேட்டார்கள், வந்தவள் எழுதிக்கொண்டு போகப்போகிறாள் என்றேன். அவள் அடுத்த கேள்விக்கு இல்லவே இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். நான் கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டேன். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடியே. மறுபடி விழுந்துவிடுவோம் என்று பயம் உண்டா? இல்லவே இல்லை. நடந்தால் எலும்பு பாதிக்குமா? இல்லவே இல்லை. குறுக்குக் கேள்வி வந்த இடத்தில் உன் அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடித் திறந்தேன். கண்டிப்பாக ஆமாம் என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அன்புசெல்வி பதிலை எழுதும்போது காகிதத்தைப் பார்க்கிற நேரத்தைவிட அம்மாவின் கையைப் பார்த்த நேரம் அதிகம். உன் அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து சுவரில் இருக்கிற காலண்டர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்காருங்கள் என்று சொல்லிப் போனில் நேரம் வைத்தாள். நான் பிடிக்கப் போனேன். நீங்க அங்கேயே நில்லுங்க ஐயா என்றுவிட்டாள். என் வீட்டில் என்னையே. உன் அம்மா எழுந்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டடி வைத்தாள், வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் போனில் நின்ற நேரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். அம்மா சொல்வதை வைத்துப் பார்த்தால் பயம் என்று ஒன்றுமே இல்லை, இருந்தும் கால் போக மாட்டேன் என்கிறது, அப்படியென்றால் உள்ளே எலும்பிலோ கம்பியிலோ கோளாறு இருக்கலாம், டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். பார்த்தாயா, பயம் என்று எழுத அவளுக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. சதீஷுக்கு இனி காட்டுவதற்குக் காகிதம் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டாதே.

உன் அப்பன்,
ஆத்தப்பன்.


முதலிபாளையம்
வியாழக்கிழமை

அருமை மகள் யாழினிக்கு,

பத்துப் பன்னிரண்டு நாளாய் எழுதவில்லை. எழுதுகிற மாதிரி இல்லை.

அந்தப் பெண் சொன்னதை வைத்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பி லேசாக நகர்ந்த மாதிரியும் இருக்கிறது, நகராத மாதிரியும் இருக்கிறது என்றார் டாக்டர். சாதாரணமாக இந்த அளவுக்கு யாரும் கத்தி வைக்கமாட்டார்கள், ஆனால் எலும்பு கூடியும் நடக்க முடியவில்லை, பயமும் இல்லை என்று ஃபிசியோ ரிப்போர்ட் சொல்கிறது, அப்புறம் வேறு என்ன காரணம் இருக்க முடியும், திறந்து கம்பியை மாற்றிவிடலாம் என்றார். ஆடி கழித்து ஆவணி முதல் வாரம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, போன தடவையே இருதயம் கொஞ்சம் முரண்டு பிடித்தது, இந்தத் தடவை எதற்கும் தயாராக இருங்கள் என்றார். எதற்கும் என்றால் எதற்கு? நான் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் சந்தேகப்பட்டேன். இவர்களுக்கு அறுக்க ஒரு ஆள் வேண்டும், அந்தப் பெண் ஆள் பிடித்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்து, சதீஷும் இதில் கூட்டு என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் அவன் வராண்டாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துட்டு வர்றேனுங்க அப்பா என்று போய்விட்டான். அவன் நடித்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன் கண்ணு. என் புத்தி அப்படி.

அன்றைக்குத்தான் உன் பதில் வந்தது. ‘அம்மாவுக்குப் பயமா இல்லையான்னு நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா அப்பா’ என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாயா என்று உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். நீ கேட்டது சரிதான். நான் கேட்கவில்லை. அறுவை நாள் குறித்த பிறகும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. சொல்லிக் கொடுத்ததை மாற்றிச் சொன்னால் எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பேசாமல் அறுத்துக்கொள்ளத் தயாராகிவிட்டாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

செவ்வாய்க்கிழமை நானே அன்புசெல்விக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் வந்தாள். உள்ளே விடாமல் கேட்டருகிலேயே நிறுத்தி, அன்றைக்குச் சொன்ன பதிலெல்லாம் என்னுடையது, அவளுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன், எப்படி, எல்லாம் சொன்னேன். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா நான் அந்த ரிப்போர்ட்டை அனுப்பியிருப்பனுங்களா ஐயா? கத்தி வெக்கற வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டீங்களே” என்றாள். அம்மா கட்டிலைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தே சந்தேகப்பட்டேன், இருந்தும் காகிதத்தை நம்பி எழுதிவிட்டேன், என் மேலும் தப்பு இருக்கிறது என்றும் சொன்னாள். சின்னப் பெண்ணிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வலித்தது. ஆனால் அவள்மேல் எனக்கிருந்த சந்தேகம் அப்போது போய்விட்டது. ஆள் பிடிக்க வந்தவளுக்கு இவ்வளவு கோபம் வராது.

மறுபடி கேட்கலாம் என்றாள். இந்தத் தடவை நான் வெளியே இருக்க வேண்டுமாம். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விவரமான ஆடிட்டர்கள் பிள்ளைகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்த்தான் கேட்பார்கள். மேனேஜர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். உள்ளே என்ன சொல்கிறாளோ, எதை உளறுகிறாளோ என்று உள்ளங்கை வேர்த்துப்போகும். நேற்றும் அப்படித்தான் வேர்த்தது. ஜன்னல் பக்கமாக மெதுவாக நகர்ந்தேன். அன்புசெல்வி எழுந்து வந்து ஜன்னலைச் சாத்திவிட்டாள். சாத்துவதற்கு முன் ஒன்று பார்த்தேன். குனிந்து கூட்டுவது, படி ஏறுவது, பஸ்ஸில் ஏறுவது என்று படம் போட்ட அட்டைகளை மெத்தை மேல் பரப்பியிருந்தாள். எதையெல்லாம் பார்த்தால் பயம் வருகிறது என்று உன் அம்மா ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சொல்லிக் கொடுத்து இல்லவே இல்லை என்றவள், நேற்று கை நிற்காமல் எடுத்து வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள்.

அந்தப் பெண் போகும்போது அதே கேள்விகளை எனக்கும் படித்துக் காட்டினாள். உங்களுக்காக இல்லை, உங்கள் வீட்டம்மா நடப்பதை நினைத்துப் பதில் சொல்லுங்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் கண்டிப்பாக ஆமாம் என்றுதான் வந்தது. நாலைந்தோடு போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அவள் போன பிறகு உன் அம்மாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தப் புள்ளைய வரச் சொன்னதே நாந்தானுங்க. நீங்க கடைக்குப் போனப்ப சதீசுக்குப் போன் பண்ணுனேன். அவன் மேல கோவிச்சுக்காதீங்க” என்றாள். அதற்கே எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பிறகு சொன்னாள்: “எனக்குக் கால்ல பயமில்லீங்க. நான் எந்திரிச்சதும் உங்க மூஞ்சி போற போக்கைப் பாத்தா, இன்னைக்கு விழுந்தே போயிருவேன்னு எனக்கே தோணிருதுங்க. அப்பறம் கால் எங்கீங்க வரும்?”

மருதாள் புகழ்ந்ததை எழுதினேன் அல்லவா? இன்னும் வைத்திருந்தால் அதை முதலில் அழித்துவிடு.

அவள் விழுந்த அன்றைக்கு, கல்லுக்குப் பக்கத்தில் கிடந்துகொண்டு, ஒன்றுமில்லீங்க, ஒன்றுமில்லீங்க என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் காலைக் கீழே வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும். இன்னொரு முறை அவள் விழுந்தால் நான் இருக்கமாட்டேன் கண்ணு. பயம் எனக்குத்தான். அந்தப் பயத்தை அவள் காலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன்.

சதீஷுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ அவனிடம் ஏதாவது சொல்லு.

அப்பன்,
ஆத்தப்பன்.


பேக்கரி, சிட்கோ தொழிற்பேட்டை எதிரில்
திங்கட்கிழமை காலை

யாழினி சாமிக்கு,

வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

புதிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அன்புசெல்வியே டாக்டரிடம் போனாள். அறுவையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். ஆடி முடிவதற்குள் யாரும் பிடிக்காமல் வாசல் கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டால் கத்தி வேண்டாம், இல்லையென்றால் குறித்த நாள் குறித்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா பயப்படாததிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகிறாள் அந்தப் பெண். கட்டிலோரம் நின்று கோலப்பொடி டப்பாவை எடுத்து வைப்பது, அடுப்படி வரை போய் அடுப்பை அணைப்பது, பிறகு பின்வாசல். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலும் போய் நின்றாளாம். நின்றாளாம் என்றுதான் எழுத முடிகிறது. நான் பார்க்கவில்லை. நடக்கிற நேரத்தில் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் எனக்கு எழுதிக் கொடுத்த மருந்து.

இத்தனை நாளும் அன்புசெல்வி கூட நின்றாள். இன்றைக்கு உன் அம்மா தனியாக கேட் வரைக்கும் போகிறாள். கைக்கெட்டும் தூரத்தில் கம்பு, அதைத் தவிரக் கூட ஆள் இல்லை. வேண்டுமென்றே அப்படித்தான். நான் கிளம்பும்போது அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். பாத்து என்று சொல்ல வாய் வந்தது. வாயை மூடிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே டீ ஆறிப்போய்விட்டது. ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி சளசளவென்று பேசிக்கொண்டு போகிறார்கள். எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படித்தான் யோசிக்காமல் எடுத்து வைக்கிறார்களோ.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருக்கிறது. தெருமுனை வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்றும் தோன்றுகிறது. அவள் கேட்டில் நிற்கும்போது என் தலை தெரிந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். அதனால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விழுந்தால்கூட என்னிடம் மறைத்துவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். அன்புசெல்வி மறைப்பாள், அப்பா தாங்கமாட்டார் என்று சதீஷ் மறைப்பான், உன் அம்மா சேலையைச் சரி செய்துகொண்டு ஒன்றுமில்லீங்க என்பாள். இந்தப் புத்தி ஒரு நாளில் போய்விடுமா? எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான் என்னிடம் பொய் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு காரியம் செய் கண்ணு. உனக்கு அங்கே இப்போது மத்தியானம் ஆகியிருக்கும். இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய். நான் செய்யச் சொன்னதாகச் சொல்லாதே. குழந்தை என்ன தின்றது, அங்கே மழையா, வெயிலா, ஏதாவது பேசு. பேசிக்கொண்டே கேட் வரைக்கும் போனாளா என்று மட்டும் தெரிந்துகொண்டு எனக்கு எழுது. போகவில்லை என்றாலும் எழுது. விழுந்தாள் என்றாலும் எழுது. பயந்துகொண்டே போனாள் என்றால் அதையும் எழுது. நீ எழுதுகிற வரை நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கு எங்கள் வயது வரும்போது, உன் பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்னைவிடத் தைரியம் இருக்கட்டும் சாமி.

காத்திருக்கிற
அப்பன் ஆத்தப்பன்.